சுவரில் வந்து ஒட்டிய இலை: இலை வெட்டுக்கிளியை வீட்டிலேயே கவனித்துப் படம் எடுக்கும் முறை

ஐப்பசி மழை விட்ட இரவுகளில் வாசல் விளக்கைச் சுற்றி ஈசலும் விட்டிலும் மொய்க்கும்போது, அவற்றோடு பச்சை இலை ஒன்றும் பறந்து வந்து சுவரில் ஒட்டிக்கொள்வதைப் பலரும் பார்த்திருக்கக்கூடும். காற்றில் உதிர்ந்த கொய்யா இலை என்று நினைத்துத் துடைப்பத்தை நீட்டினால், அந்த இலை ஆறு கால்களில் இரண்டடி நகர்ந்து மறுபடியும் இலையாகிவிடும். இலை வெட்டுக்கிளி என்றும் பச்சைத் தத்துக்கிளி என்றும் நாம் அழைக்கும் இந்தப் பூச்சியை, அதற்குத் தீங்கு நேராமல் ஓர் இரவும் ஒரு பகலும் வீட்டில் வைத்து எப்படிக் கவனிப்பது, எப்படிப் படம் எடுப்பது என்பதை இங்கே விளக்குகிறேன். விலை உயர்ந்த கேமரா இருந்தால் நல்லது. கைப்பேசி மட்டும் இருந்தாலும் போதும்.

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். இலையைப் போன்ற பூச்சி என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் மழைக்காடுகளிலும் வாழும் உண்மையான இலைப்பூச்சி. அது குச்சிப்பூச்சிக்கு உறவு, கால்களிலும்கூட இலைத் துண்டுகளைப் போன்ற தட்டையான மடல்கள் இருக்கும், துள்ளத் தெரியாது. நம் வாசலுக்கு வருவது பெரும்பாலும் அதுவன்று. பின்னங்கால்கள் நீண்டு, துள்ளுவதற்கு மடங்கி, உடலைவிட நீளமான நூல் போன்ற உணர்கொம்புகள் இரண்டு முன்னே நீண்டிருந்தால் அது இலை வெட்டுக்கிளி. பயிரை மேயும் சாதாரண வெட்டுக்கிளிக்கு உணர்கொம்பு குட்டையாகவும் தடித்தும் இருக்கும் என்பதால், இந்த ஒன்றைப் பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம். ஐயம் தீரவில்லையென்றால் உருப்பெருக்கியில் பாதத்தைப் பாருங்கள்: இலை வெட்டுக்கிளியின் பாதத்தில் 4 கணுக்கள் உண்டு, சாதாரண வெட்டுக்கிளிக்கு 3 மட்டுமே. உலகில் இந்தக் குடும்பத்தில் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆகவே வீட்டுக்கு வந்த பூச்சியின் இனப்பெயரை முதல் நாளிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

தொடுவதற்கு முன் ஒரு படம்

பூச்சியைக் கண்டவுடன் பிடிக்கத் தோன்றும். அந்த ஆவலை ஐந்து நிமிடம் அடக்கிக்கொண்டு, அது எங்கே எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறதோ அங்கேயே, அதே நிலையில், சற்றுத் தள்ளி நின்று முதல் படத்தை எடுத்துவிட வேண்டும். பிறகு நாம் எடுக்கப்போகும் நூறு படங்களிலும் இருக்காத ஒரு செய்தி இந்தப் படத்தில் இருக்கும்: தன்னிச்சையாக ஓர் இடத்தைத் தேர்ந்த பூச்சி தன் சிறகையும் கால்களையும் எப்படி ஒடுக்கி வைத்துக்கொள்கிறது என்பது. முன்னங்கால்கள் இரண்டையும் உணர்கொம்புகளோடு சேர்த்து முன்னால் நீட்டி, காம்பைப் போல ஆக்கிக்கொள்ளும் வழக்கம் சிலவற்றுக்கு உண்டு. நம் கை பட்ட பிறகு அந்த நிலைக்கு அது திரும்ப நெடுநேரம் ஆகும்.

அடுத்தது விசிறி. அறைக்குள் வந்த பூச்சியாக இருந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். வீட்டில் இவை சாவதற்கு விசிறியும் பல்லியும்தான் முதன்மையான காரணங்கள். கொசுவிரட்டித் திரவமோ சுருளோ எரிகிற அறையில் பூச்சியை வைக்கவே கூடாது. கொசுவை வீழ்த்தும் அதே மருந்து இதன் நரம்பையும் தாக்கும்.

பிடிப்பதற்குக் கண்ணாடித் தம்ளர் ஒன்றும், வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் தடித்த அட்டை ஒன்றும் போதும். தம்ளரை மெதுவாகப் பூச்சியின் மேல் கவிழ்த்து, விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே அட்டையை நுழைத்தால் வேலை முடிந்தது. நீண்ட உணர்கொம்புகள் விளிம்பில் நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னங்காலைப் பிடித்துத் தூக்குவது மட்டும் ஒருபோதும் கூடாது. ஆபத்து என்று கண்டால் இந்தப் பூச்சி தன் பின்னங்காலைத் தொடையின் அடியிலிருந்து தானே கழற்றிவிட்டுத் தப்பிக்கும். வளர்ந்த பூச்சி மீண்டும் தோலுரிப்பதில்லை என்பதால் இழந்த கால் திரும்ப முளைப்பதும் இல்லை. நான் முதன்முதலில் பிடித்த பூச்சி என் இரு விரல்களுக்கு நடுவே ஒரு காலை விட்டுவிட்டுப் போனது. தனியே கிடந்த அந்தக் கால் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருந்ததை இன்றும் மறக்கவில்லை.

இவையெல்லாம் தானாக வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு மட்டுமே பொருந்தும். சரணாலயத்திலிருந்தோ தேசியப் பூங்காவிலிருந்தோ அனுமதியின்றி எந்த உயிரினத்தையும் எடுத்துவருவது சட்டத்துக்குப் புறம்பானது.

ஓர் இரவுக்கான வீடு

பெரிய பிஸ்கட் டப்பாவோ, வாய் அகன்ற பிளாஸ்டிக் ஜாடியோ எதுவானாலும் பூச்சியின் உடல் நீளத்தைப் போல மூன்று மடங்காவது உயரம் இருக்க வேண்டும். மூடிக்குப் பதிலாகக் கொசுவலைத் துணியை விரித்து ரப்பர் வளையத்தால் கட்டினால் காற்றோட்டத்துக்குக் குறைவிராது. உள்ளே கொய்யா, செம்பருத்தி அல்லது ரோஜாவின் இலைக்கொத்து ஒன்றை வைக்கலாம். பூச்சி எந்த மரத்தில் இருந்தது என்று தெரிந்தால் அந்த மரத்தின் இலையே முதல் தேர்வு. மருந்து தெளித்த செடியாக இருக்கக்கூடாது. கடையில் வாங்கிய பூங்கொத்து இலையும் வேண்டாம். கொத்தைத் தண்ணீர் நிரம்பிய சிறு மருந்துப் புட்டியில் செருகி, புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டால் இலை வாடாது, பூச்சி தண்ணீரில் விழவும் விழாது. ஓர் ஓரத்தில் வெள்ளரித் துண்டு ஒன்றை வையுங்கள். இலைகளின் மேல் சில துளித் தண்ணீர் தெளித்தால் அதிலிருந்து குடித்துக்கொள்ளும்.

டப்பாவை வெயில் விழும் ஜன்னலில் வைக்காதீர்கள். படத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்ற எண்ணத்தில் செய்யப்படும் இந்தத் தவறு, பத்து நிமிடத்திலேயே டப்பாவை அடுப்பாக்கிவிடும்.

வந்தது சிறகு முழுமையாக வளராத குஞ்சாக இருந்து, குச்சியில் தலைகீழாக அசையாமல் தொங்கினால், தோலுரிக்கத் தயாராகிறது என்று பொருள். அந்த நேரத்தில் டப்பாவை நகர்த்துவதும் குச்சியை அசைப்பதும் கூடாது. பாதியில் கீழே விழுந்தால் கால்களும் சிறகும் கோணிப்போகும். தொலைவிலிருந்து பாருங்கள். புதிய உடல் வெளியே வந்து உலர்ந்த பின், கழற்றிய பழைய சட்டையை அது தானே தின்றுவிடுவதையும் பொறுமையுள்ளவர்கள் காணலாம்.

கேமராவை எடுக்கும் முன் கண்ணால் பார்க்க வேண்டியவை

எனக்கு இந்த முயற்சியின் சுவை முழுவதும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் 10 மடங்கு உருப்பெருக்கி ஒன்று இருந்தால், அதைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு தலையை மெல்ல முன்னே கொண்டுபோங்கள்.

சிறகிலிருந்து தொடங்கலாம். நடுவே ஓடும் தடித்த நரம்பு, அதிலிருந்து இருபுறமும் பிரியும் கிளை நரம்புகள், அவற்றுக்கிடையே வலைப்பின்னல் என இலையின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கும். பழுத்த இலையில் பூஞ்சை பிடித்ததைப் போன்ற பழுப்புப் புள்ளியும், புழு கடித்ததைப் போன்ற ஓரமும்கூடச் சில இனங்களில் உண்டு. நல்ல இலையாக மட்டும் நடித்தால் போதாது, கொஞ்சம் கெட்ட இலையாகவும் நடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருப்பதைப் போலத் தோன்றும். உண்மையில் தெரிந்து செய்ததன்று. பறவையின் கண்ணுக்குத் தப்பியவை மட்டுமே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்ததன் விளைவு அது.

சிறகின் அடிப்பகுதியில், கழுத்துக்குப் பின்னால், இரண்டு சிறகுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தைப் பாருங்கள். இடச்சிறகு மேலே, வலச்சிறகு கீழே இருக்கும். ஆண் பூச்சியின் இடச்சிறகின் அடியில் அரம் போன்ற பற்களின் வரிசை உண்டு. வலச்சிறகின் விளிம்பை அதன்மேல் உரசித்தான் அது பாடுகிறது. சில்வண்டு என்று நாம் சொல்லும் சுவர்க்கோழி வகைகளில் பொதுவாக வலச்சிறகு மேலே இருக்கும் என்பது ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. இரவில் டப்பாவிலிருந்து ஒலி எதுவும் வரவில்லையே என்று ஏமாற வேண்டாம். பல இனங்களின் பாட்டு நம் காது எட்டாத உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் வாழும் ஓனோமார்க்கஸ் யூனினோட்டேட்டஸ் என்ற இனம் சுமார் 3.2 கிலோஹெர்ட்ஸ் என்னும் தாழ்ந்த சுருதியில், சிறு மணியை அடித்தாற்போலப் பாடும்.

பாட்டைக் கேட்கும் காது தலையில் இல்லை. முன்னங்காலின் முட்டிக்குச் சற்றுக் கீழே, ஒவ்வொரு காலிலும் நீள்வட்டமான மெல்லிய சவ்வோ, சிறு கீறல் போன்ற பிளவோ தெரியும், அதுதான் காது. முதல் முறை இதைக் கண்டுபிடிக்கும் குழந்தைகள் தங்கள் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

கண்ணின் நடுவே கரும்புள்ளி ஒன்று தெரிந்து, நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதுவும் நம்மைத் தொடர்ந்து பார்ப்பதைப் போல நகரும். அது கருவிழியன்று. ஏராளமான சிறு கண்களின் தொகுப்பான கூட்டுக்கண்ணில், நம்மை நேராக நோக்கியிருக்கும் சிறு கண்கள் மட்டும் ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரிகின்றன. மற்றவை ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

வயிற்றின் நுனியில் அரிவாளைப் போல வளைந்த தட்டையான உறுப்பு இருந்தால் அது பெண். முட்டையிடும் உறுப்பு அது. அதைக் கொடுக்கு என்று அஞ்ச வேண்டியதில்லை, கொட்டாது. கையில் இறுக்கிப் பிடித்தால் வாயால் கடிக்கக்கூடும், அவ்வளவுதான்.

இரவில் கவனிப்பதற்கு டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். பூச்சிகளுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தெரியாது என்பதால் அது தன் போக்கில் இயங்கும். இலையின் விளிம்பை முன்னங்கால்களால் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திறந்து மூடும் தாடைகளால் மேலிருந்து கீழாக வரிவரியாக அரிந்து தின்னும். தின்று முடித்ததும் ஒரு முன்னங்காலால் உணர்கொம்பை வளைத்து வாய்க்குள் இழுத்து, அடியிலிருந்து நுனிவரை உருவிச் சுத்தம் செய்யும். நுனி வாயிலிருந்து விடுபட்டதும் கொம்பு சுண்டிவிட்ட கம்பியைப் போல மேலே எழும். அதன்பின் பாதங்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொள்ளும். இந்த வேளையில் அது நம்மைப் பொருட்படுத்துவதில்லை. படம் எடுக்கவும் இதைவிடச் சிறந்த வேளை இல்லை.

இரண்டு படங்கள்: இலையாக ஒன்று, பூச்சியாக ஒன்று

இலையைப் போன்ற பூச்சியைப் படம் எடுப்பதில் ஒரு முரண் உண்டு. அழகாக எடுத்தால் இலைதான் தெரிகிறது. பூச்சி தெரியும்படி எடுத்தால் அதன் வித்தை தெரிவதில்லை. ஆகவே நான் எப்போதும் இரண்டு வகைப் படங்களாகத் திட்டமிடுகிறேன்.

இலைப் படத்துக்கு, அது அமர்ந்திருக்கும் செடியோடு சேர்த்து, ஜன்னலிலிருந்து வரும் நேர் வெயிலற்ற காலை ஒளியில், மேலிருந்து எடுக்க வேண்டும். நிழல்கள் மென்மையாக இருந்தால் சிறகும் இலையும் ஒரே தளத்தில் கலந்துவிடும். பூச்சிப் படத்துக்கு ஒளியைப் பின்னாலிருந்து கொண்டுவர வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் டிரேசிங் தாளை ஒட்டி, அதற்கு முன்னால் பூச்சி அமர்ந்த குச்சியைப் பிடித்தால், சிறகின் வழியே ஒளி ஊடுருவி நரம்புப் பின்னல் முழுவதும் ஒளிரும். ஒளி புகாத உடலும் கால்களும் கருநிழலாகத் தனித்து நிற்கும். இலை எங்கே முடிகிறது, பூச்சி எங்கே தொடங்குகிறது என்பதை இந்த ஒரே படம் காட்டிவிடும். வெள்ளைப் பின்னணியைக் கேமரா மிகையொளி என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கும் என்பதால், ஒளியளவை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். கறுப்புச் சார்ட் அட்டையைப் பின்னணியாக வைத்தால் ஒரு படி குறைக்க வேண்டும். அட்டை பூச்சியிலிருந்து ஓர் அடியாவது தள்ளியிருந்தால் அதன் சொரசொரப்பு படத்தில் விழாது.

கைப்பேசியில் மேக்ரோ வசதி இருந்தால், பெரும்பாலானவை 2 முதல் 4 சென்டிமீட்டர் தொலைவில் தெளிவாக எடுக்கும். அவ்வளவு நெருங்கும்போது கைப்பேசியின் நிழலே பூச்சியின் மேல் விழும் என்பதால் ஒளி பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். திரையில் கண்ணின் மேல் விரலை அழுத்தி வைத்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஃபோகஸை மாற்றாமல், கைப்பேசியையே முன்னும் பின்னும் மயிரிழை அளவு நகர்த்திப் பல படங்கள் எடுத்து, நல்லதைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம். அரிசி நிரப்பிய சிறு துணிப்பை முக்காலியைவிட எளிதான தாங்கி. லென்சைத் துடைக்க மறக்காதீர்கள். தெளிவில்லாத படங்களில் பாதிக்குக் காரணம் விரல்ரேகைதான். மேக்ரோ இல்லாத கைப்பேசிக்கு மாட்டும் கிளிப் லென்ஸ்கள் கிடைக்கின்றன. ஓரங்கள் மங்கும் என்பதால் பூச்சியை நடுவில் வைத்து எடுத்து, ஓரத்தை வெட்டிவிட வேண்டும். டிஜிட்டல் ஜூம் எதற்கும் உதவாது.

தனிக் கேமராவும் உண்மை அளவில் படம் பிடிக்கும் மேக்ரோ லென்சும் உள்ளவர்கள் ஒளி புகும் துளையை எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைக்கலாம் (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). அந்த உருப்பெருக்கத்தில் எஃப் 8 துளையில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஆழம் கூடட்டும் என்று எஃப் 16-க்கு மேல் போனால், ஒளி சிறு துளையில் சிதறிப் படம் முழுவதுமே மழுங்கும். உண்மை அளவுப் படத்தில் எஃப் 16 என்பது நடைமுறையில் எஃப் 32-க்குச் சமமாகிவிடுகிறது. இந்த ஒரு மில்லிமீட்டரை எப்படிச் செலவழிப்பது என்பதே கேள்வி. சிறகு தட்டையானது என்பதால் கேமராவின் பின்முதுகைச் சிறகுக்கு இணையாகப் பிடித்தால் சிறகு முழுவதும் தெளிவாக விழும். முகத்தை எடுக்கும்போது கண்ணை மட்டும் தெளிவாக்கி மற்றதை விட்டுவிடுங்கள். பல ஃபோகஸ் தளங்களில் எடுத்த 10, 20 படங்களைக் கணினியில் ஒன்றாக அடுக்கும் முறையும் உண்டு. ஆனால் இந்தப் பூச்சி காற்றிலாடும் இலையைப் போல அவ்வப்போது பக்கவாட்டில் ஆடும் என்பதால், அது உறைந்து ஓய்வெடுக்கும் பகல் நேரத்தில்தான் அந்த முறை பலிக்கும்.

ஃபிளாஷை நேராக அடித்தால் சிறகின் மெழுகுப் பளபளப்பில் வெள்ளைத் திட்டு விழுந்து நரம்புகள் மறைந்துபோகும். ஃபிளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவே பட்டர் தாளை வளைத்து வைத்து, எதிர்ப்பக்கம் தெர்மோகோல் துண்டு ஒன்றை நிறுத்தினால் இந்தக் குறை நீங்கும். வீட்டு எல்இடி விளக்கில் எடுக்கும் படங்களில் பட்டைபட்டையாகக் கோடு விழுந்தால், ஷட்டர் வேகத்தை நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்குக்கு மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. அதோடு ஒத்துப்போகும் வேகத்தில் கோடு மறையும். பச்சையின் சாயல் விளக்குக்கு விளக்கு மாறும் என்பதால், அதே ஒளியில் வெள்ளைத் தாள் ஒன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு நிறத்தைச் சரிசெய்யலாம்.

அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிரில் விறைத்த பூச்சியின் கால்கள் இயல்பற்ற கோணத்தில் நிற்கும். பூச்சிகளைப் பழகிப் பார்த்த கண்ணுக்கு அந்தப் படம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இனத்தை அடையாளம் காண விரும்பினால் அழகுப் படம் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம், காதோடு சேர்ந்த முன்னங்கால், வயிற்றின் நுனி ஆகியவற்றை எடுத்து, ஒன்றிலாவது அளவுகோலைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். ஆண் பூச்சிகளில் வயிற்று நுனியின் அமைப்பைக் கொண்டுதான் பல இனங்களைப் பிரித்தறிகிறார்கள் என்பதால் அந்தப் படத்தைத் தவறவிடாதீர்கள். நாள், நேரம், ஊர், எந்தச் செடி என்ற குறிப்போடு, உயிரினப் படங்களைப் பகிர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினால், பூச்சிகளை அறிந்தவர்கள் பெயரைச் சொல்ல முன்வருவார்கள். வீட்டு முகவரி வெளியே தெரியாமல் இடத்தை மறைக்கும் வசதியும் அங்கே உண்டு.

திரும்ப விடும் வேளை

மறுநாள் இருட்டிய பிறகே விட வேண்டும். பட்டப்பகலில் விட்டால் காகமோ கரிச்சானோ பார்த்துக்கொண்டிருக்கும். வாசல் விளக்கை அணைத்துவிட்டு, பிடித்த இடத்துக்கு அருகிலுள்ள மரத்தின் கிளையோடு டப்பாவைச் சாய்த்துவைத்து வலையை விலக்குங்கள். தானே ஏறிக்கொள்ளும், தட்டி விடத் தேவையில்லை. வைத்திருந்தது பெண் பூச்சியாக இருந்தால், டப்பாவில் மிஞ்சிய இலையையும் குச்சியையும் குப்பையில் கொட்டுவதற்கு முன் ஒருமுறை உருப்பெருக்கியில் பார்த்துவிடுங்கள். குச்சியின் மேல் ஓடு வேய்ந்ததைப் போல ஒன்றையொன்று தழுவிய தட்டையான முட்டைகளோ, இலையின் விளிம்பில் சற்றே புடைத்த இடங்களோ தெரிந்தால், அந்தக் கொத்தை அப்படியே கொண்டுபோய் அதே மரத்தின் நிழலான கிளையில் நூலால் கட்டிவிடலாம்.